வசித்த ஆண்டுகள், எண்ணப்படாத ஆண்டுகள்

பிக்ஹுப் பாடத்தில் பயணியின் தொழுகை என்ற பகுதியை ஆண்டுதோறும் நடத்தி வருகிறேன். மாணவர்களுக்கு மிகவும் பிடித்தமான பகுதி அது. நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருங்குகின்றன அல்லவா! ஆனால் அந்தச் சலுகை எப்போது முடிவடைகிறது என்ற கேள்விக்கு வரும்போதுதான் பாடத்தின் உட்பகுதிக்குள் நுழைகிறோம். வந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி, நான்கு நாள்கள் ஓர் ஊரில் தங்குவதாக நிய்யத் செய்தவர் ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வூரில் 'முகீம்' ஆகிவிடுகிறார். ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாள்கள். அதன்பின் அவர் பயணி அல்லர், குடியிருப்பவர். ஊர்க்காரர்கள் எத்தனை ரக்அத் தொழுகிறார்களோ அத்தனை ரக்அத்தை அவரும் தொழ வேண்டும்.

இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று காத்துக்கொண்டே ஒருவர் மாதக்கணக்கில் ஓரிடத்தில் அகப்பட்டுக்கொண்டால் என்ன சட்டம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அப்போது இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் பனியால் வழி அடைபட்டு, ஆறு மாதங்கள் கஸ்ராகவே தொழுத செய்தியைச் சொல்வேன். அவர் உள்ளம் அங்கே தங்க எண்ணவில்லை. ஆகவே ஆறு மாதங்கள் கழிந்தும் அவர் முஸாபிர்தான். இதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு; அவற்றை இங்கே விரிக்கவில்லை. வசிப்பது என்பது கழிந்த நாள்களை மட்டும் கொண்டு அளக்கப்படுவதன்று, மனிதனின் எண்ணத்தையும் சேர்த்து அளக்கப்படுவது என்பதை மாணவர்கள் விளங்கிக்கொண்டால் போதும்.

நாடுகளின் குடியுரிமைச் சட்டங்களும் இதே சொல்லைத்தான் கையாள்கின்றன: வசிப்பு. இத்தனை ஆண்டுகள் இம்மண்ணில் வசித்தவர் இந்நாட்டவராகலாம் என்பது ஏறத்தாழ உலகம் முழுவதும் உள்ள விதி. விதியில் பிழை காண முடியாது. வந்திறங்கிய மறுநாளே ஒருவரைக் குடிமகனாக்கு என்று எந்த நாட்டையும் நிர்பந்திக்க இயலாது. அண்டை அயலை அறிந்து, மொழி பழகி, நன்மை தீமைகளில் பங்கெடுக்கச் சில ஆண்டுகள் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் நம் மாவட்டத்திலேயே, நமக்கு ஏழெட்டு மைல் தூரத்தில், முப்பத்தைந்து ஆண்டுகள் வசித்தும் ஓர் ஆண்டுகூட வசித்ததாக எண்ணப்படாத மக்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் மூன்று: அறந்தாங்கிக்கு அருகே அழியாநிலை, திருமயம் பக்கம் லேணாவிளக்கு, அப்புறம் தோப்புக்கொல்லை. அகதி முகாம் என்றே வெகுகாலம் அழைத்து வந்தோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அப்பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புதிய வீடுகள், கூடுதல் பணக்கொடை, கல்வி உதவி என்று 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களையும் அறிவித்தது. வீடுகள் கட்டப்பட்டதைக் கண்ணால் கண்டோம். பத்தடிக்குப் பத்தடி அறையில் மூன்று தலைமுறைகள் படுத்து எழுந்த நிலை பல இடங்களில் மாறியிருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். ஆயினும், மாநில அரசால் வீடு கட்டித்தர முடியும். குடியுரிமை தர முடியாது. அது ஒன்றிய அரசின் கையில் உள்ளது.

எங்கள் மதரஸாவுக்கு வெள்ளையடிப்பவர் அம்முகாம்களுள் ஒன்றில் வசிப்பவர். மன்னார்ப் பக்கத்துக்காரர். 1990இல் பத்து வயதுச் சிறுவனாகப் படகேறி வந்தவர். மண்டபத்தில் சில வாரங்கள், பிறகு இங்கே. பெயின்ட் வேலை கற்றுக்கொண்டு, நம் பகுதியின் பாதி வீடுகளுக்கு வண்ணம் பூசியிருப்பவர். சுவரில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்பதை அவரைப் போல் சொல்ல அறந்தாங்கியில் ஆளில்லை. கடந்த ரமழானுக்கு முன் வேலைக்கு வந்தபோது ஏணியின் கீழ் நின்று அவர் என்னிடம் கேட்டார்:

"ஹஸரத், பன்னெண்டு வருசம் இருந்தா இந்தியாவில குடியுரிமை எண்டு சொல்லுறாங்களே, எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சுதே. மிச்ச இருபத்திமூண்டை ஆருக்குக் குடுக்கலாம்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன். எனினும் கித்தாபுகளின் ஷரத்துகளைப் பிரித்துப் பார்த்துப் பழகியவனுக்கு இதுவும் ஓரளவு பிடிபடவே செய்தது.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. வெளிநாட்டவர் ஒருவர் இந்தியக் குடிமகனாவதற்குரிய ஷரத்துகள் அதில்தான் இருக்கின்றன. விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய பதினான்கு ஆண்டுகளில் மொத்தம் பதினோரு ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றைப் போதிய அளவு அறிந்திருக்க வேண்டும். எட்டாம் அட்டவணையில் தமிழும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த எண்ணிக்கை தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததன்று. 1955இல் அது ஓராண்டும் நான்காண்டும், ஆக ஐந்து. 1986 திருத்தத்தில் பத்தாயிற்று. 2003 திருத்தத்தில் பன்னிரண்டு. ஆண்டுகள் ஏறியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முப்பத்தைந்து ஆண்டு இருந்தவருக்குப் பத்தென்ன, பன்னிரண்டென்ன? தடை வேறிடத்தில் இருக்கிறது. கடவுச்சீட்டோ உரிய ஆவணமோ இன்றி நாட்டுக்குள் வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்று 2003 திருத்தம் வரையறுத்தது. அப்படிப்பட்டவர் இந்த விண்ணப்பத்தையே போட முடியாது. குண்டுவீச்சுக்குத் தப்பி நள்ளிரவில் படகேறியவர் எந்த அலுவலகத்தில் விசா வாங்கியிருப்பார்? முதல் நாள் கரையேறிய விதம் ஒன்றே அடுத்து வந்த அத்தனை ஆண்டுகளையும் அழித்துவிடுகிறது. ஆக, பெயின்ட்டரின் முப்பத்தைந்தில் மிச்சம் என்று எதுவுமில்லை; கணக்கே இன்னும் தொடங்கவில்லை.

இதைப் படித்தபோது என் பாட்டனாரின் நினைவு வந்தது. கடற்கரை ஊர்களான கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம், மீமிசல் ஆகியவற்றைச் சேர்ந்த வாசகர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. அங்கெல்லாம் கொழும்பில் கடை வைத்த ஒருவர் இல்லாத குடும்பம் அரிது. என் பாட்டனாருக்குப் புறக்கோட்டையில் கடை. வீடும் மனைவி மக்களும் இங்கே, வியாபாரம் அங்கே. இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்து போவார்.

இலங்கை விடுதலை பெற்றதும் 1948இல் அந்நாடு குடியுரிமைச் சட்டம் இயற்றியது. வம்சாவளியை நிரூபிக்க முடியாத மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் ஏறத்தாழ அனைவரும் அதனால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். மறு ஆண்டு, 'இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர்' சட்டம் என்று ஒன்று வந்தது. வசித்த ஆண்டுகளைக் காட்டினால் குடியுரிமை கிடைக்கும் என்று அது ஒரு கதவைத் திறந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் தொடர்ச்சியாக ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இடையில் ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவியும் சிறு பிள்ளைகளும் அங்கேயே வசித்திருக்க வேண்டும்.

இந்த ஷரத்துகளைத் தோட்டத் தொழிலாளிக்கும் புறக்கோட்டைக் கடைக்காரருக்கும் பொருத்திப் பாருங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அச்சத்தில் ஊருக்குப் போனவர்கள் ஏராளம். போர் முடியும்வரை திரும்பாதவர்களும் உண்டு. என் பாட்டனார் அவர்களில் ஒருவர். 1920களில் கடல் கடந்தவர். அந்த ஒரு நீண்ட இடைவெளி அதற்கு முன் கழிந்த ஆண்டுகளையெல்லாம் விழுங்கிவிட்டது. குடும்பமும் இங்கே இருந்தது. விண்ணப்பிப்பதில் பயனில்லை என்று பிறர் சொன்னதால் அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அதன்பின் தற்காலிக வசிப்பிட அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் கடத்தி, அறுபதுகளில் கடையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். "முப்பது வருசம் வாடகை குடுத்த ஊரு" என்று கொழும்பைப் பற்றிக் கடைசிவரை சொல்லுவாராம்.

அவருக்கு வந்து சேர ஓர் ஊர் இருந்தது. மலையகத்தில் பிறந்து மலையகத்திலேயே வளர்ந்தவர்களுக்கு அது இல்லை. அச்சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரம் பேர். மிச்சமிருந்தவர்களைத்தான் 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது: ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோல் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் ஆட்டைப் பிரிக்கும்போது தாயையும் குட்டியையும் யாரும் பிரிப்பதில்லை.

திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளிலிருந்தும் பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எழுபதுகளின் கலவரங்களில் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். 1983க்குப் பின் படகேறி இங்கே வந்தார்கள். இன்று முகாம்களில் இருப்போரில் கணிசமானவர்கள் இவர்களே. பாட்டன் அங்கே வசித்த ஆண்டுகள் அங்கே எண்ணப்படவில்லை. பேரன் இங்கே வசிக்கும் ஆண்டுகள் இங்கே எண்ணப்படவில்லை. பாட்டன் புறப்பட்ட ஊர் பேரனின் முகாமிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பதும் உண்டு.

வசித்த ஆண்டுகள் எண்ணப்படாவிட்டால் மனிதர்கள் ஊரோடு கலக்கமாட்டார்கள் என்று நினைப்போம். நம் ஊரில் கண்டது அப்படியன்று. பெயின்ட்டர் இன்னும் 'கதைக்கிறார்'. அவர் மகள் 'பேசுகிறாள்', அதுவும் அறந்தாங்கிப் பேச்சு. முகாம்ப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். நம் வீட்டுத் திருமணங்களுக்குப் பந்தல் போடுகிறார்கள், பெருநாளன்று பிரியாணிக்கு வருகிறார்கள். கஜா புயல் 2018 நவம்பரில் நம் தென்னைகளைச் சாய்த்தபோது மரம் அறுக்க முதலில் வந்து நின்றவர்களில் முகாம் இளைஞர்களும் உண்டு. மொழி, உணவு, நட்பு, நன்மை தீமை என்று ஊரால் தரக்கூடிய அனைத்திலும் அவர்கள் கலந்துவிட்டார்கள். காகிதம் கேட்கும் இடத்தில் மட்டுமே கலக்க முடியவில்லை. அரசுப் பணித் தேர்வு இல்லை. கடவுச்சீட்டு இல்லை. வாக்கு இல்லை. சொந்தப் பெயரில் நிலம் வாங்கிப் பத்திரம் பதிவதும் வங்கியில் கடன் பெறுவதும் பெரும்பாடு. வெளியூரில் இரவு தங்கி வேலை செய்ய வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்; மாதந்தோறும் கணக்கெடுப்பு நாளில் முகாமில் நேரில் நிற்க வேண்டும். கூலி வேலைக்குக் காகிதம் கேட்பாரில்லை என்பதால் பட்டம் பெற்ற இளைஞர்களும் கடைசியில் பெயின்ட் வாளியைத்தான் தூக்குகிறார்கள்.

படிப்பில் நாட்டம் குறைவதை முகாம்ப் பள்ளி மாணவர்களிடம் பத்தாம் வகுப்புக்கு மேல் தெளிவாகக் காணலாம் என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் கூறினார். "எதுக்கு சார்?" என்று கேட்கிறார்களாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அவரால் முடியவில்லை. ஒன்றாக வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் பதினெட்டு வயதில் வாக்காளர் அட்டை வரும்போது, அதுவரை இல்லாத ஒரு கோடு இருவருக்கும் நடுவே விழுகிறது. கலப்பு உள்ள இடத்தில் பிரிவை உண்டாக்குவது அந்தக் காகிதந்தான்.

பெயின்ட்டரின் சித்தப்பா மகள் அதே 1990களில் கனடா போய்ச் சேர்ந்தவர். அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் ஐந்தாண்டுகளுக்குள் 1,095 நாள்கள், அதாவது மூன்றாண்டுகள், அந்நாட்டில் இருந்தால் இன்று குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலமோ பிரெஞ்சோ தடுமாறும் நிலையிலேயே அவர் கனடியர் ஆகிவிட்டார். மொழியும் வேலையும் அதற்குப் பிறகு வந்தன. இங்கே வந்தவருக்கு முதல் நாளே மொழி இருந்தது. ஒரே குடும்பம், ஒரே ஆண்டு, வெவ்வேறு கரை.

வளைகுடாவில் நம் சகோதரர்கள் இருபது, முப்பது ஆண்டுகள் 'இகாமா'வில் இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் குடியுரிமை தந்தார் என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். முகீம், இகாமா இரண்டும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. அந்த வகையில் கேள்வி பொருத்தமானதே. மலேசியாவிலும் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுள் முடித்த நம்மூர்ப் பெரியவர்களை அறிவோம். அங்கே பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு வசிப்பும் மலாய் மொழி அறிவும் கேட்பார்கள். ஆனால் ரியாத்தில் இகாமா முடிந்தவனுக்கு மீமிசலில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு அவன் பெட்டியில் இருக்கிறது. திரும்பும் நிய்யத்தோடு இருப்பவனும் திரும்ப இடமில்லாமல் இருப்பவனும் ஒன்றா? முகாமில் பிறந்த பிள்ளைக்கு மன்னார் என்பது தந்தை சொன்ன கதை. அங்கே அப்பிள்ளைகளின் பாட்டனார் வீடிருந்த இடத்தில் இப்போது வேறொருவர் வீடு.

விருந்தோம்பல் மூன்று நாள்கள் என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அதற்கு மேல் செய்வது தர்மம். விருந்தாளி வீட்டுக்காரருக்குச் சிரமமாகும் அளவுக்குத் தங்கிவிடக் கூடாது என்றும் கூறினார்கள். இதில் இரு தரப்புக்கும் கண்ணியம் இருக்கிறது. மூன்று நாள் விருந்தாளியாக இருப்பவருக்குத் தலைவாழை இலை. முப்பத்தைந்து ஆண்டுகள் விருந்தாளியாகவே வைக்கப்பட்டவருக்கு வரிசையில் நின்று வாங்கும் பணக்கொடை. கொடுப்பவர் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும், வாங்குபவர் உழைக்கக்கூடியவராக இருக்கும்போது அவர் முதுகு கொஞ்சம் வளைந்துகொண்டேதான் இருக்கும்.

நம் வரலாற்றிலும் அடைக்கலம் தேடிப் போனவர்கள் உண்டு. மக்காவின் கொடுமைகளிலிருந்து தப்பி அபிசீனியாவுக்குப் போன ஜஅஃபர் (ரலி) அவர்களும் தோழர்களும் நஜாஷியின் ஆட்சியில் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அங்கே குழந்தைகள் பிறந்தன. அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் அந்த மண்ணில் பிறந்தவர்தாம். ஹிஜ்ரி 7இல், கைபர் வெற்றியின்போது அவர்கள் மதீனா வந்து சேர்ந்தார்கள். அப்போது, ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம் என்று உமர் (ரலி) அவர்கள் சொல்ல, அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் நபியின் அருகில் இருந்தீர்கள், நாங்களோ தொலைதூர அந்நிய மண்ணில் கிடந்தோம் என்று சொல்லி, நேரே நபி (ஸல்) அவர்களிடம் போய் முறையிட்டார்கள். நபியவர்கள் அளித்த விடை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது: அவர்களுக்கு ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு. அந்நிய மண்ணில் கழிந்த ஆண்டுகள் வீணாகிவிட்டன என்று எண்ணிய ஒரு பெண்மணிக்கு, அவை எண்ணப்பட்டுவிட்டன என்ற செய்தி கிடைத்தது. அபூ மூஸா (ரலி) அவர்களும் கப்பலில் வந்த மற்றவர்களும் கூட்டங்கூட்டமாக வந்து இந்தச் செய்தியை அஸ்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். ஏன் கேட்டார்கள் என்பது முகாமுக்குப் போய் வந்தவர்களுக்குப் புரியும்.

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவருக்குப் பதினோரு ஆண்டு வசிப்பு ஐந்தாகக் குறைக்கப்பட்டது. ஆவணமின்றி வந்தவர் என்ற தடையும் அவர்களுக்கு நீக்கப்பட்டது. ஆக, அந்தத் தடை நீக்க முடியாத ஒன்றன்று. விட்டுப்போனவர்கள் இரு சாரார்: முஸ்லிம்களும், எந்தச் சமயத்தவராயினும் இலங்கையிலிருந்து வந்தவர்களும். அன்று தெருவில் இறங்கிய நம் மக்கள் ஈழத் தமிழரின் பெயரையும் சேர்த்தே முழங்கினார்கள். 2024 மார்ச்சில் விதிகள் வந்தபோது அந்த முழக்கத்தில் பாதி ஓய்ந்துவிட்டது. நம் பாதி மட்டும் மிஞ்சியது. என் கருத்தில் அது அழகன்று.

2025 செப்டம்பரில் ஒரு சிறு தளர்வு வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இன்றி இருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. சிறைப்படும் அச்சம் குறைந்தது, நல்லது. ஆனால் அவர்கள் வசித்த ஆண்டுகளை அது எண்ணத் தொடங்கவில்லை.

இனி, பெயின்ட்டரின் குடும்பத்துக்கு வருகிறேன்.

அவர் மனைவியின் பெற்றோர் 1983 கலவரத்தை அடுத்து முதல் அலையில் வந்தவர்கள். அந்த அம்மா 1984இல் மண்டபத்தில் பிறந்தவர். 1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் வந்தபோது குடும்பம் திரும்பிப் போயிற்று. 1990இல் மீண்டும் போர், மீண்டும் படகு. தாம் இந்தியாவில் பிறந்தது அவருக்குத் தெரியும். அதற்கு ஏதேனும் பொருள் உண்டு என்பது தெரியாது.

பொருள் உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன். வசிப்பு ஆண்டும் வேண்டியதில்லை, விண்ணப்பமும் வேண்டியதில்லை. அதை மாற்றியது 1986 திருத்தம். இலங்கையிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மக்கள் வருவதையே அதற்குக் காரணமாக அன்றைய அரசு கூறியது. 1987 ஜூலை 1க்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவருக்கு அதுவும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது.

இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி, அந்தக் குடும்பத்தாரின் பிறந்த நாள்களைப் பக்கத்தில் எழுதினேன். தாய் 1984: சட்டப்படி இந்தியர். மகள் 2004 ஜூலை: தாய் இந்தியர் என்பதால் அவளும் இந்தியர். மகன் 2008: தாய் இந்தியர், தந்தை படகில் வந்தவர், ஆகவே இந்தியர் அல்லன். தந்தை, சொல்லவே வேண்டாம். ஒரே சட்டியில் உண்ணும் நால்வரில் இருவர் இந்நாட்டவர், இருவர் அல்லர். அக்காவும் தம்பியும் ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர், ஒரே அறந்தாங்கிப் பேச்சு. இடையில் ஒரு டிசம்பர்.

இது வெறும் காகிதக் கணக்கு என்று எண்ண வேண்டாம். 1987க்கு முன் மண்டபத்தில் பிறந்த முகாம்ப் பெண் ஒருவர், கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்றார். 2022இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் அவர் வாக்களித்தார். மதுரைக் கிளையின் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஜூனிலும், இந்திய வம்சாவளியினரான அறுபத்தைந்து முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பதினாறு வாரங்களுக்குள் ஒன்றிய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார். ஆகவே வழி முற்றிலும் அடைபடவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே தட்ட வேண்டிய கதவாக இருக்கிறது.

பெயின்ட்டரின் மகள் கணிதத்தில் பட்டம் பெற்றவள். குரூப் 4 தேர்வு எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அம்மாவின் பிறப்புச் சான்று வேண்டும். நாங்கள் சென்ற அலுவலகத்தில் அந்த ஆண்டின் பதிவேடு இல்லை என்றார்கள். மூன்றாம் முறை சென்றபோது இருந்தது. பக்கங்கள் தொட்டால் உதிரும் நிலை. தேதி இருந்தது, தந்தை பெயர் இருந்தது, முகாம் என்றிருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'பெண்' என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவது வழக்கம். நம் வீட்டுப் பழைய சான்றுகளிலும் இதைக் காணலாம். அந்தப் 'பெண்' இவர்தாம் என்று காட்ட, பள்ளிச் சான்றோ தடுப்பூசி அட்டையோ அக்காலத்து முகாம் அட்டையோ வேண்டும். 1990 படகில் அவற்றில் ஒன்றும் ஏறவில்லை.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1983 முதல் 1987 வரை மண்டபம், இராமேசுவரம், உச்சிப்புளிப் பகுதிகளில் மருத்துவமனையிலோ, முகாமிலோ, பள்ளியிலோ பணியாற்றிய பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருக்கலாம். முகாம் மக்களுக்கு அரிசியும் துணியும் சேகரித்துக் கொண்டுபோய்க் கொடுத்த ஜமாஅத் பொறுப்பாளர்கள் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கலாம். நம் பள்ளிவாசல்களின் மரப்பெட்டிகளில் நாற்பதாண்டுக் கணக்கு நோட்டுகள் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். பழைய தாள்களைக் கறையானுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உங்கள் ஊருக்கு அருகே முகாம் இருந்தால், 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் எவரேனும் உண்டா என்று விசாரித்து, இந்தத் தேதிகளை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு இது தெரியாது.

பெயர் சேர்ப்பதற்கான மனு இப்போது நிலுவையில் உள்ளது. மண்டபத்தில் அக்குழந்தைக்குத் தலைமுடி இறக்கிய நாளை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டி ஒருவர் சாட்சியம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். தீர்ந்தபின் மகளின் விண்ணப்பம். மகனுக்கு இப்போதைக்குப் பொருந்தும் படிவம் எதுவும் இல்லை. அக்காவுக்கும் அம்மாவுக்கும் நகல் எடுத்து, கோப்பைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு அலுவலகத்துக்கும் உடன் வருபவன் அவன்தான்.